ஷாங்காய்க்கு அப்பால் – 7: தண்ணீர்தான் தெரு

போன வாரம் ஹுவாங்பு ஆற்றங்கரையில் நின்று கோபுரங்களை அண்ணாந்து பார்த்தோம். இந்த வாரம், அதே ஷாங்காயிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய பழைய நீர் ஊர்கள்.

ஹோங்ச்சியாவ் ரயில் நிலையத்தில் மெட்ரோவின் 17ஆம் தடத்தில் ஏறினேன். 2017 டிசம்பர் கடைசியில் திறந்த தடம் இது. முக்கால் மணி நேரத்துக்குள் ஜூஜியாஜியாவ் வந்துவிட்டது. நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போனால் பழைய ஊர். முதலில் கண்ணில் படுவது ஃபாங்ஷெங் பாலம். ஐந்து வளைவுகள், எழுபது மீட்டர் நீளம். 1571இல் ஒரு புத்தத் துறவி ஊராரிடம் நன்கொடை திரட்டிக் கட்டினார். 1812இல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ‘ஃபாங்ஷெங்’ என்றால் உயிர்களை விடுவிப்பது. பிடிபட்ட மீனை வாங்கி ஆற்றில் விடுவது புண்ணியம் என்ற நம்பிக்கை. இன்றும் பாலத்தடியில் பிளாஸ்டிக் பைகளில் குஞ்சு மீன் விற்கிறார்கள்.

அந்தப் பாலத்தை அழகுக்காக மட்டும் பார்த்துவிட்டு நகரக் கூடாது. யாங்சே ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் இந்தச் சமவெளி. கனத்த பாலத்தை இந்தச் சேற்று மண் தாங்காது. அதனால் இந்தப் பகுதிக் கொத்தர்கள் தூண்களையும் வளைவுகளையும் மெல்லியதாகவே கட்டினார்கள். சரக்குப் படகு அடியில் போக வேண்டுமே என்று நடுவளைவை உயர்த்தினார்கள். அந்த ஒயில் முழுக்க மண்ணும் படகும் சேர்ந்து தீர்மானித்தது.

ஊரும் அப்படித்தான். தாழ்ந்த நிலத்தை வடிக்க வெட்டிய கால்வாய்கள், வயலுக்குப் பாசனமாயின. அரிசியும் துணியும் ஏற்றிய படகுகளுக்குப் பாதையுமாயின. வீட்டின் ஒரு வாசல் சந்தில், மறுவாசல் தண்ணீரில். பின்வாசலில் கல் படித்துறை. சாமான் வந்து இறங்கியது அங்கே, துணி துவைத்தது அங்கே. நான் போன அன்று ஒரு மூதாட்டி அப்படியொரு படியில் குந்தி கீரை அலசிக்கொண்டிருந்தார். நாலடி தள்ளி வரிசையாகக் கடைகள். எல்லாவற்றிலும் இலையில் பொதிந்து கட்டிய ஒட்டரிசிப் பொட்டலமும் சோயா சாற்றில் வெந்த பன்றியிறைச்சியும். எனக்கு அந்த மூதாட்டியை விட்டு நகர மனம் வரவில்லை.

இப்படி எத்தனையோ ஊர்கள் இருந்தன. லாரிக்குச் சாலை வேண்டும், தொழிற்சாலைக்கு இடம் வேண்டும் என்று பல ஊர்களில் கால்வாயைத் தூர்த்துவிட்டார்கள். 1980களில் துங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான், ஜோவ்ஜுவாங் போன்ற ஊர்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் வரைந்தார். பழைய ஊரைத் தொடாதீர்கள், புதியதை வெளியே கட்டுங்கள் என்பதே அதன் சாரம். உள்ளூர் அதிகாரிகள் எளிதில் இணங்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. இன்று நாம் நடக்கும் கல் பாவிய சந்துகளுக்கு முதல் நன்றி அவருக்குத்தான்.

ஜோவ்ஜுவாங்கை உலகம் அறியக் காரணம் ஓர் ஓவியம். அங்குள்ள இரட்டைப் பாலத்தை ஓவியர் சென் யீஃபெய் வரைந்தார். அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹாமர் அதை வாங்கி 1984இல் சீனத் தலைவர் டெங் சியோபிங்குக்குப் பரிசளித்தார். பிறகு கூட்டம் வந்தது, இன்னும் குறையவில்லை.

சூச்சோ பக்கம் போக முடிந்தவர்கள் துங்லியைப் பார்க்கலாம். பதவி இழந்து ஊர் திரும்பிய ரென் லான்ஷெங் என்ற அதிகாரி 1885 முதல் 1887 வரை கட்டிய துய்சி தோட்டம் அங்கே இருக்கிறது. 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கட்டடங்கள் தண்ணீரை ஒட்டியே நிற்பதால் தோட்டமே மிதப்பதுபோல் தோன்றும்.

ஒரே நாளில் மூன்று ஊர் காட்டுகிறோம் என்று வேன்காரர்கள் அழைப்பார்கள். போகாதீர்கள். ஓர் ஊர் போதும். வார நாளில், காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். கடைத்தெருவை விட்டுப் பின்சந்துகளில் நடங்கள். படித்துறைகளில் இன்னும் ஆள் இருப்பது அங்கேதான்.