செம்மங்குடியின் பக்கத்திலிருந்து பீட்டர் கேப்ரியலின் மேடைக்கு

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் கருநாடக இசை மரபு திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியோடு நெருங்கிய உறவு கொண்டது. பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் பல்லாண்டுகள் தலைமை தாங்கிய அக்கல்லூரியில் பயின்றவரே, 2006இல் அந்நகரின் நவராத்திரி மண்டபத்தில் பாடி, அங்கு பாடிய முதல் பெண் என்ற இடத்தைப் பெற்ற பாறசாலை பொன்னம்மாள். அந்தச் செம்மங்குடிக்கு வயலின் வாசித்த இளைஞர் ஒருவர் பின்னாளில் ராக் இசைக்குழுவின் சுற்றுப்பயணக் கலைஞராக விளங்கினார். அவர் பெயர் எல். சங்கர்.

1950இல் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த சங்கர், தந்தை வி. லட்சுமிநாராயணாவிடம் வயலின் கற்றார். தமையன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் வயலின் கலைஞர்களே. 1969இல் அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பயின்ற சங்கர், 1970களின் நடுவில் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் சேர்ந்து சக்தி குழுவை உருவாக்கினார். அக்குழுவில் அவர் சம பங்காளி. ஆகவே, பிறருடைய பாடலுக்குத் துணைநிற்கும் ராக் கலைஞராக அவர் அடைந்த வளர்ச்சியைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

கருநாடகக் கச்சேரியில் பாடகர் ராகத்தை விரிக்கும்போது வயலின் கலைஞர் இமைப்பொழுது பின்னால் அதே பிடியைத் தொடர்ந்து, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அந்தச் சுரத்தை நிறுத்திப் பிடித்து, தம் முறை வரும்போது மட்டுமே தம் கற்பனையைக் காட்டுகிறார். முன்னிற்பவரைக் கூர்ந்து கேட்பதும் தன்னை அடக்கி வாசிப்பதுமான இப்பயிற்சி ராக் மேடைக்கும் நேரடியாக உதவுகிறது. தாளப் பயிற்சியும் அவ்வாறே: 1978 அக்டோபரில் நியூயார்க் பலேடியம் அரங்கில் ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவுடன் சங்கர் வாசித்த ஓர் உருப்படி 13 எண்ணிக்கைச் சுழற்சியில் அமைந்தது; சாதி பேதங்களோடு தாளம் பயின்றவருக்கு அது அந்நியமான கணக்கன்று.

உண்மையான கடினம் சுருதியில் இருக்கிறது. கருநாடக இசையில் தம்புராவின் ஆதார சட்ஜம் கச்சேரி முழுவதும் மாறாமல் நிற்பதால் ஒவ்வொரு சுரமும் அதனுடனான உறவிலேயே பொருள் பெறுகிறது. ராக் இசையிலோ பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் கார்டுகள் அடியில் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு கணம் இனித்த காந்தாரம் அடுத்த கணம் உரசக்கூடும். கமகம் எனப்படும் அசைவையும் எந்தக் கார்டின் மேல் எவ்வளவு ஆட்டலாம் என்று அளந்தே இட வேண்டும். ராகத்தின் உயிரைக் கெடுக்காமல் இதைச் செய்வதற்குச் சங்கர் காட்டிய நிதானம், பலரும் வியக்கும் அவருடைய வேகத்தைக் காட்டிலும் பெரிய சாதனை.

மின்கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே மரவயலினின் ஒலி எளிதில் அமிழ்ந்துவிடும். 1980இல் சங்கர் வடிவமைக்க, கித்தார் வினைஞர் கென் பார்க்கர் செய்துகொடுத்த மின்வயலின், இரண்டு கழுத்துகளும் பத்துத் தந்திகளும் கொண்டு, டபுள் பாஸின் அடித்தட்டு ஒலி முதல் வயலினின் உச்சம் வரை எட்டக்கூடியது. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 1983ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் அவர் வாசித்ததும் இந்த இரட்டை வயலினே.

1989இல் வெளிவந்த ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ‘பேஷன்’ தொகுப்பில் வாசித்த சங்கர், கேப்ரியலின் 1993ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணக் குழுவிலும் இடம்பெற்றார். இத்தாலியின் மோதெனா நகரில் பதிவாகி மறு ஆண்டு ‘சீக்ரெட் வேர்ல்ட் லைவ்’ என வெளிவந்த நிகழ்ச்சியில் டோனி லெவினின் பாஸ் கித்தாருக்கும் மனு கட்சேயின் டிரம்ஸுக்கும் இடையே அவருடைய வயலினைக் கேட்கலாம். 1995இல் வெளியான ‘ராக ஆபேரி’யில் அவரே முதன்மைக் கலைஞர், ஜாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் அதில் அவருக்குத் துணைநின்றன.