பழைய இரும்பு போகும் வழி

'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு மிதிவண்டியில் வந்தவரை நம்மில் பலர் சிறு வயதில் கண்டிருப்போம். உடைந்த வாளியையும் துருப்பிடித்த தாழ்ப்பாளையும் பெற்றுக்கொண்டு ஒரு கைப்பிடிப் பழம் தருவார். அந்த இரும்பு பிறகு எங்கே போயிற்று என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. இன்று வாசலில் ஓடாமல் நிற்கும் பழைய காரையும், மாடிப்படியின் கீழே கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது, அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டியிருக்கிறது.

மண்ணிலிருந்து எடுக்கும் இரும்புத் தாது உண்மையில் இரும்பும் உயிர்வாயுவும் சேர்ந்த கூட்டுப்பொருள். ஊதுலையில் கரியைக் கொண்டு அந்த உயிர்வாயுவைப் பிரிக்கிறார்கள். அது கரியமில வாயுவாக வெளியேறுகிறது. பழைய இரும்பில் இந்த வேலை என்றோ முடிந்துவிட்டது. அதை மின்னுலையில் உருக்கினால் போதும். மறுசுழற்சியின் பயன் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

மத்திய எஃகு அமைச்சகம் 2019 நவம்பரில் வெளியிட்ட எஃகுக் கழிவு மறுசுழற்சிக் கொள்கை இதற்குக் கணக்குத் தருகிறது. ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத் தாதும், 630 கிலோ கோக் நிலக்கரியும், 55 கிலோ சுண்ணாம்புக்கல்லும் மிச்சமாகும். நீர்ச் செலவு 40 சதவீதமும், பசுங்குடில் வாயுக்கள் 58 சதவீதமும் குறையும். கோக் நிலக்கரியின் பெரும்பகுதியை நாம் அந்நியச் செலாவணி கொடுத்தே இறக்குமதி செய்கிறோம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒரு டன் எஃகுக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 1.9 டன் கரியமில வாயு வெளியாகிறது; நம் நாட்டில் அது ஏறத்தாழ 2.5 டன். மின்னுலைக்கு வரும் மின்சாரமும் நிலக்கரியிலிருந்தே வருமானால் சேமிப்பு ஓரளவு குறையும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அலுமினியத்தில் இலாபம் இன்னும் பெரிது. தாதுவிலிருந்து அதைப் பிரிக்க மின்சாரம் வெள்ளமாய்ச் செலவாகும். பாக்சைட்டைச் சுத்திகரிக்கும்போது சிவப்புச் சேறும் மலையாய்க் குவியும். பழைய குக்கரை உருக்குவதற்கோ அந்த ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும்.

குஜராத்தின் அலங் கடற்கரைக்கு 1983 முதல் உலகின் பழைய கப்பல்கள் வந்து சேர்கின்றன. காம்பே வளைகுடாவின் பேரலையேற்றம் அவற்றைக் கரையில் ஏற்றிவிடுகிறது. அங்கு வெட்டியெடுக்கும் தகடுகளில் பலவற்றை உருக்கக்கூட வேண்டாம். சூடேற்றி உருட்டினாலே கட்டடக் கம்பியாகும். பஞ்சாபின் மண்டி கோவிந்த்கட் நகரமும் பழைய இரும்பை உருக்கி உருட்டும் ஆலைகளால் வளர்ந்ததே. ஆனால் கப்பலோடு கல்நாரும் கழிவெண்ணெயும் வருகின்றன. கப்பல் உடைப்பைப் பாதுகாப்பாக நடத்துவதற்கான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, பழைய உலோகம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதே முக்கியம். செம்புக்காக மின்கம்பிகளைத் திறந்தவெளியில் எரித்தால் பிளாஸ்டிக் உறையிலிருந்து நச்சுப் புகை எழும். மின்னணுக் கழிவை எரித்த சாம்பல் மொராதாபாத்தில் ராம்கங்கை ஆற்றங்கரை வரை சென்றிருக்கிறது. பேட்டரியை உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஈயத்தைக் கொல்லைப்புற அடுப்பில் உருக்குவோரும் உண்டு. அந்த ஈயத்தூசி அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2010இல் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு வந்த ஒரு பழைய கருவிக்குள் கோபால்ட்-60 இருந்ததால் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

காயலான் கடைக்காரரை இதற்காகக் குறை சொல்வது நியாயமன்று. அவர் கையால் பிரித்துத் தருவது பெரிய தொழில்நுட்பத்துக்குச் சமம். எஃகோடு செம்பு கலந்து உருகிவிட்டால் பிறகு அதைப் பிரிப்பது ஏறக்குறைய இயலாது. அத்தகைய எஃகு சூட்டில் உருட்டும்போது வெடிக்கும். மோட்டாரிலிருந்து கம்பியை ஒவ்வொன்றாக உருவியெடுக்கும் அந்தக் கைதான் எஃகின் தரத்தைக் காக்கிறது. குறை, அவருக்குப் பிறகு வரும் உலைகளில் இருக்கிறது.

வாகனத்தைப் பொறுத்தவரை 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்கள் செயல்படுகின்றன. அங்கே எண்ணெயும் பேட்டரியும் முதலில் தனியே எடுக்கப்படும். வாகனப் பதிவும் முறையாக இரத்தாகும். வெளியிடத்தில் விற்றால் கூடுதல் விலை கிடைக்கக்கூடும். ஆனால் நம் பெயரில் பதிவு நீடிக்கும் வரை அந்த வண்டி எண்ணால் வரும் வழக்கும் நம்மையே தேடி வரும். மையம் தரும் வைப்புச் சான்றிதழைக் காட்டினால் புதிய வாகனத்துக்குப் பதிவுக் கட்டண விலக்கு உண்டு. சாலை வரியில் சொந்த வாகனத்துக்கு 25 சதவீதம் வரையும், வணிக வாகனத்துக்கு 15 சதவீதம் வரையும் சலுகை தர விதி இடமளிக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும்.

கிளைகளில் நாங்கள் அடிக்கடி காணும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். வாகனக் கடனை முழுதும் அடைத்து, வங்கி தந்த தடையில்லாச் சான்றிதழைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிடுகிறார்கள். பதிவுச் சான்றிதழிலோ வங்கியின் அடமானக் குறிப்பு அப்படியே நிற்கிறது. பத்தாண்டு கழித்து வண்டியை உடைக்கக் கொடுக்கும் நாளில்தான் அது நினைவுக்கு வருகிறது. படிவம் 35ஐயும் தடையில்லாச் சான்றிதழையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து அக்குறிப்பை நீக்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் பழையதாகியிருந்தால், கடன் கணக்கு எண்ணுடன் உங்கள் கிளையை அணுகிப் புதியது பெறலாம். பேட்டரிக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை: புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, பில்லில் அதன் மதிப்பைக் கழிக்கச் சொல்லுங்கள்.