குடிநீரில் மருந்திடும் பம்பும் அதன் அழுத்தமும்

தில்லி, மும்பை, நாகபுரி முதலிய நகரங்களின் அடுக்குக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் பலர், ஆழ்குழாய்க் கிணற்று நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் அறையின் மூலையில் ஒரு சிறு பம்பு ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கக்கூடும். அதனருகில் நிற்கும் பிளாஸ்டிக் பீப்பாயில் இருப்பது ஸோடியம் ஹைபோகுளோரைட் என்னும் கிருமிநாசினி. அதனை அளந்து நீரில் சேர்ப்பதே அப்பம்பின் பணி. அளவு குறைந்தால் நோய்க்கிருமிகள் பிழைத்துவிடும். மிகுந்தாலோ நீரை வாயில் வைக்க முடியாது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்கிறது.

அளவின் நுட்பத்தை ஒரு கணக்கால் உணரலாம். மணிக்கு 10,000 லிட்டர் நீர் ஓடுகிறது என்றும், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டும் என்றும் கொள்வோம். தேவைப்படுவது மணிக்கு 20 கிராம். கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் குளோரின் இருக்குமாயின், மணிக்கு 400 மில்லிலிட்டர் செலுத்தினால் போதும். நிமிடத்துக்கு 7 மில்லிலிட்டருக்கும் குறைவு; ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றே மிகுதி!

இவ்வளவு சிறிய அளவைத் தருவது பம்பினுள் இருக்கும் ஒரு சவ்வு. அது பின்வாங்குங்கால் கீழ்வால்வு திறந்து மருந்து உட்புகும். முன்னே வருங்கால் கீழ்வால்வு மூடிக்கொள்ள, மேல்வால்வு வழியே மருந்து வெளியேறும். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அளவு என்பது கணக்கு. ஆயின் அக்கணக்கு நிலைக்க வேண்டுமானால், பம்பின் முன்னே ஒரு தடை இருந்தாக வேண்டும். கேட்பதற்கு விந்தையாக இருப்பினும் உண்மை இதுவே.

பீப்பாய் உயரத்திலும் மருந்து சேருமிடம் தாழ்விலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பம்பு நின்றிருந்தாலும், இரு வால்வுகளையும் தள்ளிக்கொண்டு மருந்து தானாகவே வழிந்து இறங்கும். இனி, நீர்க்குழாயின் அழுத்தம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குமாயின் தட்டு ஒன்றுக்குச் செல்லும் அளவும் மாறும். இவ்விரண்டையும் தடுப்பதற்காகவே பம்பின் வெளிவாயிலுக்கு அப்பால் வில்சுருள் பொருத்திய ஒரு வால்வை அமைக்கிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம், 2 கிலோகிராம் என்று நாம் வைத்த அழுத்தம் எட்டும்வரை அது திறவாது. இதனைப் 'பின்னழுத்த வால்வு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பாரும் உளர். திரவத்தின் போக்கை எதிர்த்து நிற்பதாகையால் 'எதிரழுத்த வால்வு' என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தடை நல்லதென்று திருகை மேலும் மேலும் இறுக்குவதும் தவறு. ஹைபோகுளோரைட் வெயிலில் சிதைந்து வாயுவை விடும் இயல்புடையது. அக்குமிழிகள் பம்பினுள் சிக்கினால், சவ்வின் தட்டு குமிழியை நசுக்குவதோடு நின்றுவிடும். எதிரழுத்தம் மிகுதியாயின் மேல்வால்வு திறவவே திறவாது. பம்பு தட்டும் ஓசை கேட்கும், மருந்து மட்டும் போகாது. வடநாட்டுக் கோடையில் இது எளிதில் நேரக்கூடியது. ஓசையை நம்பாமல், அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழலில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

மற்றொரு வால்வும் உண்டு. அது காப்பு வால்வு. வெளிக்குழாயை எவரேனும் அறியாமல் மூடிவிட்டால், மோட்டாரால் இயங்கும் பம்பு நிற்பதில்லை. குழாய் வெடிக்கும்வரை அல்லது சவ்வு கிழியும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். ஆதலால் பம்புக்கும் முதல் அடைப்பு வால்வுக்கும் இடையே காப்பு வால்வை வைத்து, வழக்கமான அழுத்தத்துக்குச் சற்று மேலே அது திறக்குமாறு அமைக்கிறார்கள். திறந்தவுடன் மருந்து பீப்பாய்க்கே திரும்பிவிடும். அத்திரும்புகுழாயின் முனை கண்ணுக்குத் தெரியும்படி இருத்தல் நலம். அதில் சொட்டுச் சொட்டாக மருந்து விழுமாயின், எங்கோ அடைப்பு நேர்ந்திருக்கிறது, அல்லது அவ்வால்வே பழுதுற்றிருக்கிறது என்று காவலாளியும் கண்டுகொள்வார்.