வனம் காணச் செல்வார்க்கு

விடுமுறை நெருங்கும்பொழுது மாணவர் விடுதியில் எழும் பேச்சுக்களுள் தலையாயது எங்கே செல்வது என்பதே. சென்ற ஆண்டு எம் நண்பர் ஒருவர் செரங்கெட்டி வனத்தைப் பற்றிய படம் ஒன்றைக் கண்டுவந்து, காட்டு விலங்குகளைக் காண வேண்டுமாயின் ஆப்பிரிக்காவுக்கே செல்ல வேண்டும், நம் நாட்டிற் காண்பன வெறும் மரங்களே என்று சாதித்தார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தான்சானியா நாட்டின் அத்தேசியப் பூங்கா 14,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. நூ என்னும் மானினத்திற் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை ஆண்டுதோறும் மழையைப் பின்பற்றி இடம்பெயரும் காட்சி உலகில் வேறெங்கும் இல்லை.

ஆகவே ஒரு தாளை எடுத்துக் கணக்கெழுதத் தொடங்கினோம். கப்பலோ, விமானமோ, அதற்குரிய கட்டணம். அயல்நாட்டாரிடம் டாலரிற் பெறப்படும் பூங்கா நுழைவுக் கட்டணம். கூரை திறக்கும் மோட்டார் வண்டிக்கும் வழிகாட்டிக்கும் கூலி. அப்பகுதி நாடுகள் பலவற்றுக்குச் செல்வோர் பத்து நாட்களுக்கு முன்னரே இட்டுக்கொள்ள வேண்டிய மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசி. கணக்கு முடியுமுன் தாள் முடிந்தது. நண்பரும் மௌனமானார்.

அப்பொழுதுதான் எம் ஊராகிய வடகரையின் நினைவு எமக்கு எழுந்தது. தென்காசிக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில், நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர் அது. அருகிலுள்ள மேக்கரையில் 132 அடி உயரமுடைய அடவிநயினார் அணை இருக்கின்றது. தெற்கே குற்றாலம். அதற்கும் தெற்கே, பொருநையைப் பெற்றெடுக்கும் பொதியில். இம்மலைகளின் தென்பகுதி அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் என 2001-இல் இந்திய அரசினராலும், 2016-இல் யுனெஸ்கோவினராலும் ஏற்கப்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலை 2012-இல் உலகப் பாரம்பரிய இடமாயிற்று. பிறநாட்டார் பொருள் செலவிட்டு வந்து காணும் மலையை யாம் துணி உலர்த்தும் மாடியினின்று நாள்தோறும் கண்டும் காணாதிருந்தோம். அவ்விடுமுறையில் அறுவர் கூடி அம்மலைக்காடுகளுக்குச் சென்று வந்தோம். இனிச் செல்ல விரும்புவார்க்குப் பயன்படுமாறு சில கூறுவோம்.

முதலில் பெயர்களைத் தெளிந்துகொள்ள வேண்டும். தேசியப் பூங்கா என்பது சட்டத்தின் காவல் மிகுதியும் உடையது. ஆங்குக் கால்நடை மேய்ச்சலும் இல்லை. சரணாலயத்தில் சில உரிமைகள் அனுமதியுடன் நிகழலாம். தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்தே: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. இவற்றுள் ஒன்றும் தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் இல்லை. இங்குள்ளவை சரணாலயங்களும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமுமாம். முண்டந்துறை 1962-இல் புலிகளுக்கெனவும், களக்காடு 1976-இல் சிங்கவால் குரங்குக்கெனவும் சரணாலயங்களாயின. இரண்டும் இணைந்து 1988-இல் புலிகள் காப்பகமாயிற்று. அதன் உட்பகுதி 895 சதுர கிலோமீட்டர். செரங்கெட்டியோடு ஒப்பிட்டால் இது சிறு துண்டே. எனினும் அடிவாரத்து முட்காடு முதல் உச்சியிலுள்ள சோலைக்காடு வரை இத்துண்டினுள் எத்தனை வகைக் காடுகள்! ஒரு காலைப் பொழுதிலேயே அவற்றுட் பலவற்றைக் கடந்துவிடலாம். கடையநல்லூர், சிவகிரி முதலிய பகுதிகளின் மலைக்காடு 2015-இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் என அறிவிக்கப்பெற்றது. எம் ஊரின் மேற்கெல்லை ஏறக்குறைய அதனைத் தொட்டு நிற்கின்றது.

எங்கே செல்வது? முதன்முறை செல்வார்க்கு முண்டந்துறையே ஏற்றது. தென்காசியினின்று புகைவண்டியில் அம்பாசமுத்திரம் அடைந்து, ஆங்கிருந்து பாபநாசம் வழியாக மலையேற வேண்டும். பொருநையும் சேர்வலாறும் சூழ்ந்த மேட்டுநிலம் அது. காரையாற்று அணை 1942-இல் முடிந்தது. மற்றொன்று, செங்கோட்டையினின்று ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்குச் செல்லும் புகைவண்டிப் பாதை. 1904-இல் திறக்கப்பெற்ற அப்பாதை அகலப்பாதையாகி 2018-இல் மீண்டும் முழுமையாக இயங்கலாயிற்று. பதின்மூன்று கண் பாலத்தின்மீது வண்டி செல்லும்பொழுது சன்னலோரத்து இருக்கைக்கு எம்முள் நிகழ்ந்த போரை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. தென்மலையை ஒட்டியது செந்துருணிச் சரணாலயம். செங்குறிஞ்சி என்னும் மரத்தாற் பெற்ற பெயர். அது கேரள வனத்துறையினரின் ஆட்சிக்குட்பட்டது. நீர்த்தேக்கத்திற் படகு செலுத்துகின்றனர். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் மேலேறுதல் தடுக்கப்பட்டுள்ளது. திரிகூடராசப்பக் கவிராயரைக் கற்ற எமக்கு இத்தடை முதலில் வருத்தத்தையே தந்தது. ஆனால் 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரை வாரிச் சென்றதை நினைக்குங்கால் தடையின் காரணம் விளங்கும். அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்பொழுதே மேலே பெய்த மழை இறங்கிவிடுகின்றது.

காலம் பற்றி ஒரு சொல். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல், அருவிக்கு அது நன்று, விலங்கு காண்பதற்கு அத்துணை நன்றன்று, அட்டைகளும் மிகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களிற் பெய்த மழையில் பொருநை எவ்வாறு பெருகிற்று என்பதை இம்மாவட்டத்தார் எவரும் மறவார். கிறிஸ்துமஸ் விடுமுறையிற் செல்வார் அதனை மனத்திற் கொள்க. பிப்ரவரி முதல் காடு காய்கின்றது. அப்பொழுது விலங்குகள் நீர்நிலையை நாடி வெளிவருமாயினும், காட்டுத்தீக்கு அஞ்சி வழிகளை மூடிவிடுவதுண்டு. புலிக் கணக்கெடுப்பு நாட்களிலும் மூடுவர். ஆகையால் மழை ஓய்ந்த ஜனவரியே எமக்குத் தக்கதாகத் தோன்றிற்று. பொங்கல் விடுமுறையிற் சென்றோம்.

அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும். முண்டந்துறைக்கு அம்பாசமுத்திரத்திலுள்ள துணை இயக்குநர் அலுவலகத்தில் உசாவுக. மலையேற்றத்துக்கு வனத்துறையின் வழிகாட்டியின்றிச் செல்லுதல் ஆகாது. தெரிந்தவர் ஒருவர் உளர், அழைத்துச் செல்வார் என்று சொல்லிக்கொண்டு வருவாரை நம்பிக் காப்புக்காட்டினுட் புகுந்து, பின்னர்த் தண்டம் செலுத்தியவர்களை யாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் இக்கட்டுரையை எழுதுவோருள்ளும் இருக்கலாம்.

கொண்டு செல்ல வேண்டியவை சிலவே: பச்சை அல்லது மண்ணிற ஆடை, முழங்கால் வரை நீளும் காலுறை, அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும், இருகண் நோக்காடி, குடிநீர்ப் பாத்திரம். நறுமண எண்ணெயும் ஒலிபெருக்கும் கருவியும் வேண்டா. 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குப் பொருள்கள் பல தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆயினும் பாபநாசத்துப் படித்துறையில் பொருநை சுமக்கும் பழந்துணிகளையும் பைகளையும் கண்டபொழுது, புண்ணியம் தேடும் நம் மக்கள் ஆற்றினிடத்தே பாவத்தைக் கழிப்பதோடு நில்லாது துணியையும் கழிக்கின்றனரே என்று நொந்தோம்.

இனி, காட்டிற் காண்பது பற்றிக் கூறுவோம். இதனை அறியாது செல்பவரே ஏமாற்றமடைகின்றனர். ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு மைலுக்கப்பால் நிற்கும் சிங்கமும் தெரியும். நம் மலையிலோ பத்தடிக்கப்பால் நிற்கும் யானையும் தெரியாது. இங்கே கண்ணைவிடக் காதே பெருங்கருவி. கருமந்தி மரவுச்சியில் நின்று கனைக்குமாயின், கீழே சிறுத்தையோ புலியோ நடக்கின்றதென்று கொள்ளலாம். கடமானை இம்மலையார் மிளா என்பர். அது திடீரெனக் குரல் கொடுத்தாலும் அவ்வாறே. தலைக்குமேல் புகைவண்டி மூச்சு விடுவதுபோல் ஓர் ஒலி எழுந்தது, நிமிர்ந்து நோக்கினோம், பெரிய இருவாட்சிப் பறவை சிறகடித்துச் சென்றது. ஒரு மரத்தில் எம் தலைக்கும் மேலே சேறு அப்பியிருந்தது. வழிகாட்டி அதனைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் உலரவில்லை, இங்கு நில்லற்க என்றார். யானை உடலைத் தேய்த்துச் சென்ற உயரம் அது. வெடிப்பலா மரத்தின்கீழ்ச் சிதறிக் கிடந்த பழத்தோலைக் காட்டி, சிங்கவால் குரங்கின் காலையுணவு என்றார். குரங்கையோ யாம் காணவில்லை. இரண்டு நாட்களிற் கண்ணாற் கண்டவை மிளா ஐந்து, மலையணில் இரண்டு, கருமந்திக் கூட்டமொன்று. புலியைக் காணவில்லை, அது எம்மைக் கண்டிருத்தல் கூடும்.

தொல்காப்பிய மரபியலில் விலங்குகளின் இளமைப் பெயரும் ஆண்பாற் பெண்பாற் பெயரும் வகுக்கப்பட்டிருத்தலை வகுப்பறையில் மனனம் செய்கின்றோம். களிறு, பிடி, கன்று என்று ஒப்பித்த வாயினேமாகிய யாம், வழியிற் கிடந்த சாணத்தைக் கண்டு அது களிற்றினதா, பிடியினதா என்று வழிகாட்டி ஆராய்ந்தபொழுது வாயடைத்து நின்றோம். அவர் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேற் கற்றவரல்லர்.

பயணத்தின் இறுதி இரவை வடகரையிற் கழிப்பதென்று முடிவு செய்திருந்தோம். ஆப்பிரிக்கா சென்றே தீர வேண்டுமென்ற நண்பர், யானையைக் காணாது திரும்புவதோ என்று குறைபட்டதே காரணம். எம் ஊரில் யானையைக் காண அனுமதிச் சீட்டு வேண்டுவதில்லை; அதுவே வீட்டுக்கு வருகின்றது. நெல் கதிர் விடும் காலத்திலும், மா பழுக்கும் காலத்திலும், தென்னை இளையதாயிருக்கும் எக்காலத்திலும் அது மலையினின்று இறங்குகின்றது. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோவுக்குக் குறையாத தீனி வேண்டும். அதன் பழைய வழித்தடங்களிற் பல இன்று தோப்பும் சாலையுமாயின. அகத்தியமலைப் பகுதி 2022-இல் 1,197 சதுர கிலோமீட்டர் பரப்புடைய யானைகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. ஆயின் அவ்வெல்லையை வரைந்த படத்தை யானை கண்டதில்லை. சின்னக்கானலில் அரிசிக்காக வீடுகளையும் கடைகளையும் உடைத்த அரிக்கொம்பன் 2023 ஜூனில் தேனி மாவட்டத்திற் பிடிக்கப்பெற்று, இம்மலைத்தொடரின் கோதையாற்றுப் பகுதியில் விடப்பட்டதைப் பலரும் அறிவர். ஒரு மாவட்டத்தின் துன்பத்தை மற்றொன்றுக்கு லாரியிலேற்றி அனுப்பலாம். அதற்குமேல் இயலுமோ என்பது எம் ஐயம்.

விவிலியத்தில் 104-ஆம் சங்கீதம் இரவை விலங்குகளுக்கும் பகலை மனிதனின் உழைப்புக்குமெனப் பகுத்துக் காட்டுகின்றது. அப்பகுப்பு எம் ஊரில் நிலைகுலைந்து போயிற்று. பகலெல்லாம் உழைத்தவர் இரவிலும் உறங்காது, பந்தமும் பட்டாசும் கைவிளக்கும் கொண்டு தோப்பைக் காக்கின்றனர். சிலர் மனம் வெறுத்து வேலியில் நேரே மின்சாரத்தைப் பாய்ச்சுகின்றனர். அது சட்டத்துக்கு மாறானது. யானையும் மடிகின்றது, சில வேளை மனிதரும் மடிகின்றனர். இத்துயர் நமக்கே உரியதன்று. கென்யா நாட்டு உழவர் சிலர் தேனீப் பெட்டிகளைக் கம்பியிற் கோத்து வேலியாகத் தொங்கவிடுகின்றனர். யானை கம்பியை அசைத்தால் தேனீக்கள் எழும். அது விலகிச் செல்லும். உழவர்க்குத் தேனும் கிடைக்கின்றது. நமீபியாவில் 1996-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊரார் தாமே கழகம் அமைத்து, விலங்கு காண வருவாரிடத்துப் பெறும் வருவாயைத் தாமே அடைகின்றனர். நண்பரின் ஆப்பிரிக்காவினின்று நாம் பெறத்தக்கது திரைப்படம் மட்டுமன்று.

ஆதலின் பயணக் கணக்கில் மலைக்குச் செலவிடும் தொகையோடு அடிவாரத்து ஊருக்கும் ஒரு பங்கு ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். நகரத்தினின்று பொட்டலம் கட்டிவராது, ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உண்க. ஊரார் ஆட்டோவில் ஏறுக. இளநீரைத் தோப்பிலேயே வாங்குக.

அன்றிரவு தோப்புக்குட் செல்லவில்லை. செல்வது அறிவுடைமையும் அன்று. ஊரின் கடைசி வீட்டு மாடியில் அமர்ந்திருந்தோம். காவலுக்குச் செல்லும் முதியவர் ஒருவர் கீழே நின்று எம்மை விளக்கடித்துப் பார்த்தார். "யானை பாக்கவா வந்திருக்கிய, தம்பி? அதப் பாக்காம இருக்கணும்னுதாம்யா நாங்க ராத்திரி முழிக்கோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நண்பர் விடை கூறவில்லை.

நள்ளிரவுக்குப்பின் மேற்கே வெடியோசை இரண்டு முறை கேட்டது, நாய்கள் குரைத்தன, மரம் முறியும் ஒலி வந்தது. வேறொன்றும் தெரியவில்லை. விடிந்தபின் முதியவருடன் சென்று பார்த்தோம். மூன்றாண்டுத் தென்னம்பிள்ளைகள் ஆறு, குருத்துப் பிடுங்கப்பட்டுச் சாய்ந்து கிடந்தன. ஈரமண்ணில் வட்டமான அடிச்சுவடுகள். நண்பர் அதனருகே தம் காலை வைத்து அளந்து பார்த்தார். பின்னர் முதியவர் நிலத்தின் பட்டா நகலையும், எம் கைப்பேசியில் எடுத்த படங்களையும் கேட்டார். வனத்துறையிடம் இழப்பீடு பெற மனுவோடு அவற்றைச் சேர்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் வேண்டும். மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள், தமிழ் படிப்பவர்களாமே என்றார். திண்ணையிலமர்ந்து எழுதினோம், மூன்றாம் முறை எழுதிய படிதான் அவருக்குப் பிடித்தது. முதலிரண்டிலும் சொற்கள் மிகுதி என்றார்.