ஹைனெக்கென்

ஹைனெக்கென் என்பது நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பியர் தயாரிப்பு நிறுவனம் ஆகும். 1864 ஆம் ஆண்டில் ஒற்றை ஆலையுடன் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆலைகளைக் கொண்டுள்ளது. பியர் உற்பத்தியில் ஏபி இன்பெவ் நிறுவனத்துக்கு அடுத்தபடியாக உலகில் இரண்டாவது இடத்தை வகிக்கிறது. இந்தியாவில் கிங்ஃபிஷர் என்னும் பெயரில் பியர் தயாரிக்கும் யுனைட்டெட் புரூவரீசு நிறுவனம் 2021 ஆம் ஆண்டு முதல் இதன் கட்டுப்பாட்டில் உள்ளது. நீலகிரி, பெங்களூர் ஆகிய இடங்களின் பழைய பியர் ஆலைகள் இணைந்து உருவானதே யுனைட்டெட் புரூவரீசு என்பதால், ஹைனெக்கெனின் வரலாறு தென்னிந்தியத் தொழில் வரலாற்றோடும் தொடர்புடையதாகிறது.

தொடக்கம்

ஆம்ஸ்டர்டாமில் "டி ஹோய்பெர்க்" என்ற பியர் ஆலை 1592 ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. இப்பெயருக்கு "வைக்கோற்போர்" என்பது பொருள். நலிவுற்றிருந்த இவ்வாலையை 1864 ஆம் ஆண்டில் கெரார்டு ஏட்ரியான் ஹைனெக்கென் விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 22. சில ஆண்டுகளில் நகரின் அன்றைய எல்லையில் புதிய ஆலை ஒன்றைக் கட்டினார். 1873 ஆம் ஆண்டில் நிறுவனம் பங்கு நிறுவனமாக மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் ராட்டர்டாம் நகரிலும் ஓர் ஆலை தொடங்கப்பட்டது.

அக்காலத்தில் நெதர்லாந்தில் மேல்நொதித்தல் முறையில் தயாரான, நிறம் மங்கிய பியரே பரவலாக இருந்தது. ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் வழங்கிய அடிநொதித்தல் முறையில் தயாராகும் பியர் தெளிவாகவும் நீண்ட நாள் கெடாமலும் இருந்தது. கெரார்டு ஹைனெக்கென் 1869 ஆம் ஆண்டில் இம்முறைக்கு மாறினார்.

ஈஸ்டும் குளிரும்

முளைகட்டிய வாற்கோதுமை, நீர், ஹாப்ஸ் எனும் கொடியின் பூக்கள், மதுவம் எனப்படும் ஈஸ்ட் ஆகியவை பியரின் அடிப்படைப் பொருட்கள் ஆகும். வாற்கோதுமையில் உள்ள மாவுப்பொருள் முதலில் சர்க்கரையாக மாறுகிறது. அச்சர்க்கரையை ஈஸ்ட் மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. மேல்நொதித்தலில் ஈஸ்ட் அறை வெப்பநிலையை ஒட்டிய சூழலில் இயங்கிக் கலத்தின் மேற்பரப்பில் திரளும். அடிநொதித்தலில் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு அளவிலான குளிரில் மெதுவாக இயங்கி அடியில் படியும். எனவே அடிநொதித்தல் பியருக்கு ஆண்டு முழுவதும் குளிர்ச்சி தேவைப்பட்டது. ஏரிகளில் உறைந்த பனிக்கட்டிகளை வெட்டிச் சேமித்து வைத்து ஆலைகள் இத்தேவையை நிறைவு செய்தன. மிதமான குளிர்காலம் வாய்த்த ஆண்டுகளில் பனிக்கட்டி போதாமல் போயிற்று.

இச்சிக்கலுக்கு ஜெர்மானியப் பொறியியலாளர் கார்ல் வொன் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் பொறி தீர்வு தந்தது. அப்பொறியைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்ட நிறுவனங்களில் ஹைனெக்கெனும் ஒன்று ஆகும்.

மற்றொரு சிக்கல் ஈஸ்டின் தூய்மை. வேறு நுண்ணுயிர்கள் கலந்துவிட்டால் பியரின் சுவை தொகுதிக்குத் தொகுதி மாறுபடும். நொதித்தலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் நிறுவியிருந்தார். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சென் 1883 ஆம் ஆண்டில் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கிக் காட்டினார். ஹைனெக்கென் ஆய்வகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஹார்ட்டோக் எலியொன் 1886 ஆம் ஆண்டில் "ஏ-ஈஸ்ட்" எனப்படும் வகையைப் பிரித்தெடுத்தார். இந்த வகை ஈஸ்டே இன்றளவும் ஹைனெக்கென் பியரில் பயன்படுகிறது.

தூய ஈஸ்டை வேறு நாட்டு ஆலைக்கு அனுப்பி, அங்கு கிடைக்கும் நீரைப் பக்குவப்படுத்தி, ஏறத்தாழ அதே சுவையுள்ள பியரைத் தயாரிக்க இதனால் வழி பிறந்தது. நிறுவனத்தின் பிற்காலப் பன்னாட்டு வளர்ச்சிக்கு இதுவே தொழில்நுட்ப அடித்தளம் ஆகும்.

கடல் கடந்த விற்பனை

ஹைனெக்கெனின் பன்னாட்டு வளர்ச்சி இரு வழிகளில் நடைபெற்றது. முதலாவது, புட்டிகளைக் கப்பலேற்றி அனுப்புதல். இரண்டாவது, பிற நாடுகளில் உள்ள ஆலைகளில் பங்கு பெறுதல்.

முதல் வழிக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். அங்கு 1920 முதல் நடைமுறையில் இருந்த மதுவிலக்கு 1933 ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே ஹைனெக்கென் பியர் நியூயார்க்குக்கு அருகிலுள்ள ஹோபோக்கென் துறைமுகத்தை அடைந்தது. லியோ வான் மன்ஷிங் என்பவர் அந்நாட்டில் இதன் விற்பனையை வளர்த்தார். அமெரிக்காவில் ஆலை அமைக்காமல், "இறக்குமதிச் சரக்கு" என்ற மதிப்பை விற்பனைக்குப் பயன்படுத்தியது அவரது உத்தி ஆகும்.

உள்ளூர் ஆலைகளில் பங்கு

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தொலைவு, வெப்பம், சுங்கவரி ஆகியவற்றால் புட்டிகளை அனுப்புவது ஆதாயம் தரவில்லை. எனவே இரண்டாவது வழி பின்பற்றப்பட்டது. 1931 ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்துடன் இணைந்து மலாயன் புரூவரீசு நிறுவப்பட்டது. இதன் டைகர் பியர் 1932 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பணிபுரிந்த தமிழ்த் தொழிலாளரிடையே கள்ளே பரவலாக இருந்தது. மலாயன் புரூவரீசு 1990 ஆம் ஆண்டில் ஆசிய பசிபிக் புரூவரீசு எனப் பெயர் மாறியது.

இன்றைய இந்தோனேசியாவின் சுராபாயா நகரில் இருந்த ஆலை 1930களில் ஹைனெக்கென் வசமாயிற்று. நைஜீரியாவில் 1946 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நைஜீரியன் புரூவரீசு நிறுவனத்திலும் ஹைனெக்கென் பங்கேற்றது. இத்தகைய இடங்களில் பெரும்பாலும் உள்ளூர்ப் பெயரிலேயே பியர் விற்கப்பட்டது.

குடும்ப உரிமை

1942 ஆம் ஆண்டில் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் ஹைனெக்கென் குடும்பத்தை விட்டு நீங்கின. நிறுவனரின் பேரனான ஆல்பிரட் ஹைனெக்கென் (1923–2002) பங்குகளைச் சிறிது சிறிதாக வாங்கி, 1954 ஆம் ஆண்டில் கட்டுப்பாட்டை மீட்டார். அமெரிக்காவில் விளம்பரக் கலையைக் கற்றுத் திரும்பியிருந்த இவர், பச்சைப் புட்டியையும் அதன் பெயர்ச்சீட்டையும் உலகெங்கும் ஒரே வடிவில் அமையச் செய்தார். 1968 ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போட்டி நிறுவனமான ஆம்ஸ்டெல் வாங்கப்பட்டது.

1983 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆல்பிரட் ஹைனெக்கெனும் அவரது ஓட்டுநரும் கடத்தப்பட்டனர். 3.5 கோடி கில்டர் பணயத்தொகை கொடுக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்குப் பின்னர் காவல்துறையினர் இருவரையும் மீட்டனர். ஆல்பிரட்டின் மறைவுக்குப் பின் அவரது மகள் சார்லீன் டி கார்வாலோ ஹைனெக்கென் உரிமையைப் பெற்றார். ஹைனெக்கென் ஹோல்டிங் என்னும் தாய் நிறுவனம் பாதிக்குச் சற்றே கூடுதலான பங்குகளை வைத்துள்ளது. அத்தாய் நிறுவனத்தின் பெரும்பான்மை குடும்பத்திடம் உள்ளது. இந்த இரட்டை அடுக்கு அமைப்பினால், வெளியார் பெருமளவு பங்குகளை வாங்கினாலும் கட்டுப்பாடு குடும்பத்திடமே நிலைக்கிறது.

பெரும் கொள்வனவுகள்

2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் உலகப் பியர் தொழிலில் பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கும் போக்கு விரைவடைந்தது. இக்காலத்தில் ஹைனெக்கென் மேற்கொண்ட முக்கியக் கொள்வனவுகள் பின்வருமாறு:

2003 – ஆஸ்திரியாவின் பிபிஏஜி. இதன் மூலம் நடு ஐரோப்பிய நாடுகளில் இடம் கிடைத்தது.
2008 – பிரித்தானியாவின் ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில். கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்துடன் கூட்டாக 780 கோடி பவுண்டுக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்ளப்பட்டது.
2010 – மெக்சிகோவின் ஃபெம்சா நிறுவனத்தின் பியர்ப் பிரிவு.
2012 – ஆசிய பசிபிக் புரூவரீசில் பிரேசர் அண்ட் நீவ் வைத்திருந்த பங்குகள்.

தாய்லாந்துத் தொழிலதிபர் ஒருவரின் நிறுவனங்கள் பிரேசர் அண்ட் நீவ், ஆசிய பசிபிக் புரூவரீசு ஆகியவற்றின் பங்குகளை வாங்கத் தொடங்கியதே 2012 ஆம் ஆண்டுக் கொள்வனவுக்கு உடனடிக் காரணம் ஆகும். எண்பது ஆண்டுகளாகக் கூட்டு உரிமையில் இருந்த நிறுவனம் இவ்வாறு ஹைனெக்கெனின் முழுக் கட்டுப்பாட்டுக்கு வந்தது.

தென்னிந்தியாவின் பியர் ஆலைகள்

குளிரூட்டும் பொறிகள் பரவுவதற்கு முன்னர் இந்தியச் சமவெளியில் பியர் தயாரிப்பது கடினமாக இருந்தது. ஆகவே பிரித்தானியப் படையினருக்கான பியர் ஆலைகள் குளிர்ந்த மலைப் பகுதிகளில் அமைந்தன. வடக்கே கசௌலியும் தெற்கே நீலகிரியும் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். பெங்களூரிலும் படைமுகாமை ஒட்டி ஆலைகள் இருந்தன.

1915 ஆம் ஆண்டில் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், நீலகிரி, பெங்களூர் ஆலைகள் உள்ளிட்ட ஐந்து தென்னிந்திய ஆலைகளை இணைத்து யுனைட்டெட் புரூவரீசு நிறுவனத்தை உருவாக்கினார். இந்நிறுவன வரலாற்றின்படி, தொடக்க காலத்தில் பியர் பெரிய மரப்பீப்பாய்களில் மாட்டுவண்டிகள் மூலம் கொண்டு செல்லப்பட்டது. 1947 ஆம் ஆண்டில் விட்டல் மல்லையா இதன் முதல் இந்திய இயக்குநரானார். கிங்ஃபிஷர் பியர் 1978 ஆம் ஆண்டில் அறிமுகமானது. 1983 ஆம் ஆண்டில் விட்டல் மல்லையா மறைந்ததும் அவரது மகன் விஜய் மல்லையா பொறுப்பேற்றார்.

இந்தியாவில் ஹைனெக்கென்

ஹைனெக்கென் இந்தியாவில் நுழைந்தது நேரடியாக அன்று. ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் நிறுவனம் யுனைட்டெட் புரூவரீசில் 37.5 விழுக்காடு பங்குகளை வைத்திருந்தது. 2008 ஆம் ஆண்டுக் கொள்வனவின்போது அப்பங்குகள் ஹைனெக்கெனுக்கு வந்து சேர்ந்தன. ஆசிய பசிபிக் புரூவரீசு இந்தியாவில் நடத்திவந்த ஆலைகளும் பின்னர் யுனைட்டெட் புரூவரீசுடன் இணைக்கப்பட்டன. 2011 ஆம் ஆண்டில் ஹைனெக்கென் பியர் இந்தியாவிலேயே தயாரிக்கப்படலாயிற்று.

விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் பெரும் கடனில் மூழ்கி 2012 ஆம் ஆண்டில் பறப்பதை நிறுத்தியது. வங்கிகளின் கடனுக்கு ஈடாக இருந்த யுனைட்டெட் புரூவரீசின் பங்குகளைக் கடன் மீட்புத் தீர்ப்பாயம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2021 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவற்றுள் 14.99 விழுக்காட்டை ஏறத்தாழ 5,825 கோடி ரூபாய்க்கு ஹைனெக்கென் வாங்கியது. இதனால் அதன் பங்கு 46.5 விழுக்காட்டிலிருந்து 61.5 விழுக்காடாக உயர்ந்தது. விமான நிறுவனம் ஒன்றின் கடன், நூறாண்டு கடந்த பியர் நிறுவனத்தின் உரிமையை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றியது எனலாம்.

மாநிலச் சட்டங்களும் தமிழ்நாடும்

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மதுபானங்களின் உற்பத்தி, போக்குவரத்து, விற்பனை, ஆயத்தீர்வை ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. 2017 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலும் மனிதர் அருந்தும் மது சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒரு மாநிலத்தில் தயாரான பியரை அடுத்த மாநிலத்துக்குக் கொண்டு செல்வது, வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைப் போன்றே தனி அனுமதிகளும் தீர்வைகளும் கொண்டதாகும். மாநிலந்தோறும் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இது சாதகமாக அமையும். அயல்நாட்டு நிறுவனங்கள் இங்கு புதிதாகத் தொடங்குவதைவிட, ஏற்கனவே பல மாநிலங்களில் ஆலை கொண்ட நிறுவனத்தை வாங்க விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் ஆகும்.

அன்றைய சென்னை மாகாணத்தில் 1937 ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பிற்காலத்தில் மதுவிலக்கு தளர்த்தப்படுவதும் மீள்வதுமாக இருந்தது. 1983 ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) மொத்த விற்பனைக்காக நிறுவப்பட்டது. 2003 ஆம் ஆண்டு நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் தனியுரிமையாயிற்று. எனவே பன்னாட்டு நிறுவனமாயினும் தமிழ்நாட்டின் மதுக்கடைகளுக்கு இக்கழகத்தின் வழியாகவே பியரை விற்க இயலும்.

கடை எங்கே இருக்கலாம் என்பதையும் சட்டமே முடிவு செய்கிறது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக்கூடாது என உச்ச நீதிமன்றம் 2016 ஆம் ஆண்டு டிசம்பரில் ஆணையிட்டது. 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு இத்தொலைவு 220 மீட்டராகப் பின்னர் குறைக்கப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத்தில் சென்னை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் உள்ள பாடாலூர் போன்ற சாலையோர ஊர்கள் இவ்விதியின் கீழ் வருவனவாகும். 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றைக் குடியிருப்புப் பகுதிகளுக்கு இடம் மாற்ற முயன்றபோது பல ஊர்களில் பெண்கள் முன்னின்று எதிர்ப்புத் தெரிவித்தனர்.

வழக்குகளும் விமர்சனங்களும்

நெதர்லாந்தில் பியர் விலையைப் போட்டி நிறுவனங்களுடன் பேசி முடிவு செய்தமைக்காக ஐரோப்பிய ஆணையம் 2007 ஆம் ஆண்டில் ஹைனெக்கெனுக்கு ஏறத்தாழ 21.9 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2011 ஆம் ஆண்டில் நீதிமன்றம் இதனைக் குறைத்தது. இந்தியாவிலும் இத்தகைய குற்றச்சாட்டு எழுந்தது. 2021 ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் யுனைட்டெட் புரூவரீசுக்கு ஏறத்தாழ 752 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. மாநில அரசுகளிடம் விலை உயர்வு கோருவதற்கு முன்னர் பியர் நிறுவனங்கள் தமக்குள் கலந்துகொண்டன என்பது ஆணையத்தின் முடிவு ஆகும். நிறுவனம் இதனை எதிர்த்து மேல்முறையீடு செய்தது.

உக்ரைன் போரைத் தொடர்ந்து உருசியாவிலிருந்து வெளியேறுவதாக ஹைனெக்கென் 2022 ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவித்தது. ஆயினும் அங்குள்ள ஆலைகள் 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே ஒரு யூரோ விலைக்குக் கைமாறின. இக்காலத்தாழ்வு விமர்சிக்கப்பட்டது.

மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியுள்ளது. பியரும் இதில் அடங்கும். இந்தியாவில் மதுபான விளம்பரங்களுக்குத் தொலைக்காட்சியில் தடை இருப்பதால், அதே பெயரில் குடிநீர், சோடா போன்றவற்றை விளம்பரப்படுத்தும் வழக்கம் உள்ளது. கிங்ஃபிஷர் என்ற பெயரும் இவ்வாறு பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது.