பாய் விரிக்க இடம் தேடும் விண்டோ

‘கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு விண்டோவைத் திறந்தால், சில சமயம் ஒதுங்கி நிற்கிறது, சில சமயம் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் மேலேயே வந்து உட்கார்கிறது. இடத்தை முடிவு செய்வது யார்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வரலாறு இல்லாமல் முடியாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985இல் வந்த விண்டோஸ் 1.0இல் விண்டோக்கள் பக்கம் பக்கமாகத்தான் நிற்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏற 1987இல் வந்த 2.0இல்தான் அனுமதி கிடைத்தது. பிறகு, ஓரத்துக்கு இழுத்தால் விண்டோ பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும் வசதி 2009இல் விண்டோஸ் 7இல் வந்தது. அதே வசதி 2024இல் மேக்குக்கு வந்தபோது கொட்டிய மேளம் கொஞ்சமில்லை.

புது விண்டோவுக்கு நிரல் இடம் குறிக்காவிட்டால், முந்தையதற்குச் சற்று வலமாக, சற்றுக் கீழாக வைப்பது விண்டோஸின் வழக்கம். எங்கே காலி என்று அது பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்கத் தெரிந்தது, லினக்ஸில் கேடிஇ என்ற திரைச்சூழலில் விண்டோக்களை நிர்வகிக்கும் ‘கேவின்’. அது கையாளும் உத்திதான் அழகு.

1920×1080 திரையில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். அத்தனையிலும் வைத்துப் பார்க்க வேண்டாமா? வேண்டாம். புது விண்டோவை ஒரே வரிசையில் வலப்பக்கம் நகர்த்துங்கள். அது மறைக்கும் பரப்பு சீரான வேகத்தில் கூடும் அல்லது குறையும். அந்த வேகம் மாறுவது ஒரு விளிம்பு இன்னொரு விளிம்பைத் தொடும்போது மட்டுமே. ஆகவே மிகக் குறைவாக மறைக்கும் இடத்தை விளிம்புகள் சந்திக்கும் புள்ளிகளிலேயே தேடினால் போதும். ஐந்து விண்டோ திறந்திருந்தால், திரையின் ஓரங்களையும் சேர்த்து, குறுக்கே 12, நெடுக்கே 12. மொத்தம் 144 இடங்களுக்கு மேல் பார்க்க வேண்டியதில்லை! கேவின் இடது மேல் மூலையில் தொடங்கி விளிம்புக்கு விளிம்பு தாவுகிறது. எதையும் மறைக்காத இடம் கிடைத்ததும் நின்றுவிடுகிறது.

கல்யாண மண்டபத்தில் ராத்திரி பிந்தி வருபவர் இப்படித்தான். பாயைத் தூக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக அளக்கமாட்டார். ஏற்கெனவே விரித்த பாயின் ஓரத்தை ஒட்டி விரிப்பார். அடியில் கிடக்கும் ஜமக்காளத்தின்மேல் விரித்தால் யாரும் கேட்கமாட்டார்கள்: ‘எப்போதும் அடியில்’ என்று குறித்த விண்டோவை மறைத்தால் கேவின் கணக்கில் பூஜ்யம். மாப்பிள்ளையின் பெரியப்பா பாயில் நுனி பட்டாலோ போச்சு: ‘எப்போதும் மேலே’ விண்டோவோடு மோதினால் 16 மடங்கு அபராதம். பெரியப்பாவின் குறட்டைக்குத்தான் இன்னும் யாரும் மடங்கு போடவில்லை.

ஆனால் காலி இடம் எல்லா நேரமும் சரியான இடமல்ல. ‘சேமிக்கவா?’ என்று கேட்கும் சின்னப் பெட்டி, கேட்ட விண்டோவின் மேலேயே வர வேண்டும். தூரத்து மூலையில் எதையும் மறைக்காமல் நின்றால் நம் கண்ணில் படாது. இதற்கும் ஏ.ஐ. வரும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். தேவைப்படுவது ஒரே தகவல்: இந்தப் பெட்டி எந்த விண்டோவுக்குச் சொந்தம்? அதைச் சொல்லும் வசதி நிரல் எழுதுபவர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. பெட்டி எங்கோ முளைத்தால் பெரும்பாலும் அவர்கள் அதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள்; புகாரை அங்கே அனுப்புங்கள்.