டாலிகஞ்ச் சந்துகளுக்கு ஒரு மட்கார்டு

கொல்கத்தாவில் மழை பெய்யும்போது சைக்கிள்காரர் ஏதாவது ஒரு கடை வாசலில் ஒதுங்கிக்கொள்ளலாம். தொல்லை மழை விட்ட பிறகுதான். வானம் வெளுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். டாலிகஞ்சின் சந்துகளில் மட்டும் தண்ணீர் அப்படியே நிற்கும். தென் கொல்கத்தாவின் இந்தப் பகுதிக்கு வடிகாலாக இருப்பது ஆதிகங்கை. கங்கையின் பழைய தடமான இதை 1770-களில் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேயர் தூர்வாரி வெட்டினார். ஊருக்கும் அவர் பெயரே நிலைத்தது. இன்று அந்தக் கால்வாயின் நடுவிலேயே மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. ஹூக்ளி ஆற்றில் கடல் ஓதம் ஏறும் நேரத்தில் நகரத்துக்குள் ஆற்றுநீர் ஏறாதிருக்க மதகுகளை அடைத்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து மழையும் கொட்டினால் தெருத்தண்ணீர் போக வழியில்லை. வடிந்த பிறகும் சாக்கடை வண்டல், கட்டுமான மணல், மீன் சந்தைக் கழிவு எல்லாம் கலந்த கறுப்புக் குழம்பு சாலையில் தங்கிவிடும்.

பெரிய சாலையில் போகலாமே என்றால், அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 2013-ல் கொல்கத்தா காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் எண்ணிக்கை 62 ஆகக் குறைந்தது. 2020-ல் கொரோனா காலத்தில் சிறு சாலைகளில் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் பால்காரர், பேப்பர் போடுபவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், சினிமா ஸ்டுடியோக்களில் லைட் பிடிப்பவர்கள் எல்லோரும் பழக்கத்தில் சந்துகளையே நம்பி ஓட்டுகிறார்கள். நகரத்தின் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் நகரத்தின் சைக்கிள்களும் ஓடுகின்றன. மட்கார்டு இந்த ஊரில் அலங்காரமாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் எப்படித் தெறிக்கிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால், கடைக்காரர் நீட்டும் மட்கார்டு நல்லதா வெறும் பொம்மையா என்று நீங்களே சொல்லிவிடலாம். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சிப் பகுதியோ 30 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. டயரில் ஒட்டிய தண்ணீர் எந்த இடத்தில் விடுபடுகிறதோ, அந்த இடத்தில் டயர் போகும் திசையிலேயே நேராகப் பறக்கும். பின்சக்கரத்தின் பின்பக்கம் விடுபடுவது மேலே எழும்பி முதுகில் கோடு போடும். எல்லோருக்கும் தெரிந்த சேதம் இது. முன்சக்கரம் செய்வது அதைவிட அதிகம். அதன் உச்சிக்குச் சற்றுப் பின்னே விடுபடுவது முன்னால் பறந்து போக, அதற்குள் நாமே போய் முகத்தைக் கொடுக்கிறோம். பின்பக்கம் தரையை ஒட்டி விடுபடுவது நேராகச் செருப்பு, பெடல் அச்சு, செயின் மூன்றிலும் அடிக்கிறது. வண்டல் கலந்த நீர் செயினில் புகுந்தால் எண்ணெய் கழுவிப்போகும், மணல் மட்டும் தங்கும். அதன் பிறகு அந்தச் செயின் தன்னையும் பல்சக்கரத்தையும் சேர்த்தே அரைக்கும்.

அதனால் மட்கார்டில் பார்க்க வேண்டியது நீளம். முன்மட்கார்டு போர்க்குக்கு முன்னால் ஒரு சாண் நீண்டிருக்க வேண்டும். பின்னால் தரைக்கு ஒரு சாண் உயரம் வரையாவது இறங்க வேண்டும். பின்மட்கார்டு பெடல் பக்கம் பிரேமின் குறுக்குக் கம்பியில் தொடங்கி, பின்னால் அச்சின் உயரம் வரை இறங்கினால் உங்கள் பின்னால் வருபவரும் தப்பிப்பார். கியர் சைக்கிள்களோடு வரும் குட்டிப் பிளாஸ்டிக் துண்டுகள், சீட்டுக்கு அடியில் வாத்து வால் போல நீட்டிக்கொண்டிருப்பவை, முதுகை ஓரளவு காக்கும். செருப்புக்கும் செயினுக்கும் அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

நம் அப்பா, தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளில் இந்தக் கவலையே கிடையாது. அசன்சோலில் சென் ராலே செய்ததும் சரி, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிசும் சரி, இரண்டு முழுநீள இரும்பு மட்கார்டு இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வெளியே வராது. பின்மட்கார்டின் வால் பகுதியில் வெள்ளை பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரின் இருட்டடிப்புக் காலத்தில் பிரிட்டனில் சைக்கிளின் பின்மட்கார்டில் வெள்ளைப் பட்டை கட்டாயமாக்கப்பட்டிருந்தது. போர் முடிந்து எத்தனையோ காலமாகியும் நம் ஊர் சைக்கிள்கள் அதை விடவில்லை. விடாதது நல்லதுதான், இருட்டில் தெரிகிறது. பிறகு மலைப் பாதைக்கான வடிவத்தில் கொழுத்த டயர் சைக்கிள்கள் வந்தன. மட்கார்டு ‘தனியாக வாங்கிக்கொள்ளும்’ பொருளாயிற்று. மலையே இல்லாத கொல்கத்தாவுக்கு மலைச் சைக்கிள், சேறு நிறைந்த ஊருக்கு மட்கார்டு இல்லாத சைக்கிள்!

வாங்கப் போகுமுன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 28 × 1½ என்றால் பழைய கறுப்பு சைக்கிள், 26 × 1⅜ என்றால் அதன் சிறிய வடிவம், 26 × 1.95 என்றால் கொழுத்த டயர், 700 × 35சி என்றால் ஹைபிரிட். இரண்டிலும் 26 என்று இருப்பதால் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். 1⅜ டயரின் ரிம் 590 மில்லிமீட்டர், 1.95 டயருக்கு 559. மட்கார்டின் அகலம் டயரைவிட 8 முதல் 10 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். 35 டயருக்கு 45, 1.95 அங்குலம் கிட்டத்தட்ட 50 மில்லிமீட்டர் என்பதால் அதற்கு 60. குறுகலானதை வாங்கினால் இரண்டு ஓரமும் ஒழுகும். இரும்பு உறுதியானது, ஆனால் மடித்த ஓரத்துக்குள் சேறு தங்கி அங்கிருந்து துரு பிடிக்கும். வருடத்தில் பாதி ஈரமாகவே இருக்கும் கொல்கத்தாவில் நல்ல பிளாஸ்டிக்கே போதும் என்பது என் கட்சி. மத்திய கொல்கத்தாவின் பென்டிங்க் தெரு சைக்கிள் கடைகளில் இரண்டும் கிடைக்கும்.

அடுத்து, மட்கார்டைத் தாங்கும் கம்பிகளை மாட்ட உங்கள் சைக்கிளில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். பின் அச்சுக்கு மேலே, முன் போர்க்கின் காலடியில், மறை வெட்டிய சிறு துளை இருக்கும். பெரும்பாலும் எம்5 போல்ட் பிடிக்கும். தலைக்கு 8-ம் எண் ஸ்பேனர், ஆலன் தலையென்றால் 4-ம் எண். துளை இல்லாவிட்டால் போர்க் காலைச் சுற்றிக் கவ்வும் ரப்பர் வைத்த பி கிளிப் போடலாம். முன்னால் ஷாக் அப்சார்பர் உள்ள போர்க் என்றால் கம்பிகளைக் கட்ட இடமே இருக்காது. அதன் குறுக்கு வளைவில் மாட்டும் தனி ரகம் இருக்கிறது, பாதி வேலை செய்யும், அவ்வளவுதான். டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் உடல் கம்பிக்குக் குறுக்கே வரும். போல்ட்டில் ஒரு குட்டிக் குழாய்த் துண்டைக் கோத்துக் கம்பியை வெளியே தள்ளிக்கொள்ள வேண்டும்.

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தொடங்கினால் கை நன்றாக நுழையும். முதலில் பெடல் பக்கக் குறுக்குக் கம்பி, பிறகு பிரேக்குக்கு அருகிலுள்ள மேல் பாலம், கடைசியாகக் கம்பிகள். எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி நிறுத்துங்கள். போல்ட்டின் தட்டையான தலை டயர் பக்கமும் நட் வெளியிலும் இருக்க வேண்டும்; திருப்பிப் போட்டால் நீண்டிருக்கும் மறை டயரைச் சுரண்டி ஒரு நாள் கிழித்துவிடும். செயின் பக்கத் துளையில் இன்னொரு கவனம் தேவை. போல்ட் நீளமாகி உள்பக்கம் எட்டிப் பார்த்தால் செயின் கடைசிப் பல்சக்கரத்துக்கு இறங்கும்போது அதில் சிக்கும். கேரியரும் மட்கார்டும் ஒரே துளையைப் பங்கிட நேர்ந்தால் பாரம் தாங்கும் கேரியர் பிரேமை ஒட்டி உள்ளே, மட்கார்டுக் கம்பி வெளியே.

மட்கார்டு பாலத்தை எட்டவில்லை என்றால் அதை இழுத்து வளைத்து முடுக்காதீர்கள். இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டை ஓரத்திலிருந்து விரிசல் விடும். நடுவே வாஷர்களை அடுக்கி இடைவெளியை நிரப்புவதே சரி. பழைய டியூபிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பர்த் துண்டை ஒவ்வொரு போல்ட்டிலும் கோத்தால் கடகட சத்தமும் வராது. நட் நைலான் வளையம் உள்ளதாகவோ ஸ்பிரிங் வாஷரோடோ இருக்கட்டும். அதன்பின் சக்கரத்தை மாட்டிச் சுழற்றி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உங்கள் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறதா, வளைவு டயரோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்துக் கம்பிகளின் நீளத்தைச் சரிசெய்து, பிறகு எல்லா போல்ட்டையும் இறுக முடுக்குங்கள். மிச்சக் கம்பியை அறுத்தால் முனையை அரத்தால் தேய்த்து மூடி போடுவது அவசியம். கூர்மையாக விட்டால் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும்.

முன்மட்கார்டுக்கும் இதே வேலைதான். ஆனால் இங்கே தவறினால் ஆளே விழுவார். குச்சியோ கயிறோ கல்லோ டயரோடு ஒட்டிக்கொண்டு மட்கார்டின் கீழ் முனை வழியாக உள்ளே புகும். சக்கரம் அதை மேலே இழுத்துச் செல்லும். வழியில் இடம் குறுகினால் அங்கே சிக்கி, மட்கார்டையும் சேர்த்து போர்க்கின் அடியில் சுருட்டி, சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேல் பறப்பார். அதனால் இடைவெளி கீழ் முனையில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் ஒருபோதும் இருக்கக் கூடாது. ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். போன்ற நிறுவனங்கள் முன்கம்பிகளின் முனையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் வைக்கின்றன. ஏதாவது சிக்கினால் அது சட்டென்று கழன்று கம்பியை விட்டுவிடும். கழன்றுகொண்டே இருக்கிறதே என்று அதைக் கம்பி போட்டு இறுகக் கட்டுபவர்களைப் பார்க்கலாம். உயிர்காக்கும் ஒரே பாகத்தை முடக்குகிறார்கள். மாட்டி முடித்ததும் பெடலை முன்னால் வைத்து ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். செருப்பு நுனி மட்கார்டில் இடித்தால், நெரிசலில் மெல்லத் திரும்பும்போது நினைவிருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் முன்மட்கார்டின் வாலில் ஒரு ரப்பர் ஃபிளாப் தொங்கவிடுங்கள். பழைய லாரி டியூப் துண்டு, இரண்டு போல்ட், செலவு ஒன்றுமில்லை. தரைக்கு நான்கு விரல்கடை உயரம் வரை இறங்கட்டும். செருப்பும் செயினும் காய்ந்திருப்பதற்கு மட்கார்டைவிட இந்தத் துண்டுக்குத்தான் அதிக நன்றி சொல்ல வேண்டும். வளையும் பொருளாக இருக்க வேண்டும், தகரம் வேண்டாம். நடைபாதை விளிம்பில் இடித்தால் ரப்பர் மடங்கிக்கொள்ளும்.

மட்கார்டு தெறிக்கும் தண்ணீருக்குத்தான். முழங்கால் தண்ணீருக்கு அல்ல. 2025 செப்டம்பர் 23 அன்று கொல்கத்தாவில் ஒரே நாளுக்குள் 250 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். சாலை தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்றால் சைக்கிளை ஓட்டவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சமநிலைக்காக விளக்குக் கம்பத்தைப் பிடிப்பதை மறந்தும் செய்யாதீர்கள்.

டாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் சைக்கிளை நெருக்கி நிறுத்தும் இடத்தில் விடுபவரானால், மாலையில் எடுக்கும்போது கம்பி வளைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். போல்ட்டுகளை மாட்டிய ஒரு வாரத்தில் ஒரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும் முடுக்கினால் போதும். மே மாதத்துக் கால்பைசாகிப் புயல்மழை சொல்லாமல் வரும். பருவமழை ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டி இறங்கும். முதல் மழைக்கு மறுநாள் சைக்கிள் மிஸ்திரியிடம் போனால் உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள். ஏப்ரலிலேயே மாட்டிவிடுங்கள். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, சைக்கிளில் கேரியரும் இருக்கிறது என்றால், முன்சக்கரத்துக்கே முதலில் வாங்குங்கள். முதுகைக் கேரியரில் கட்டிய ஒரு பலகை கொஞ்ச நாள் காத்துக்கொள்ளும்.